பிரீனாக்காவின் சட்டியில் பெரும்பயறு

— மீனுன்னு சொல்லி இத எனக்க கிட்ட கொண்டு வராதட்டி, சுபிதா. இருபது வருசமா புதுக்கடை சந்தையில மீன் விக்கியவ நான்.

— மீனுன்னு சொல்லல பிரீனாக்கா. பெரும்பயறுதான். அரைச்சு, ஆவியில அவிச்சு, துண்டு போட்டது. நேத்தைக்குத் தந்தேனே, கறி வச்சியளா? அதச் சொல்லுங்க.

— மொதல்ல நீ தந்தது ஓர்ம இருக்கா? வாலும் செதிளும் வச்சு மீனு போலவே. வாயில வச்சா பச்சப்பயறு நாத்தம்.

— அதுக்குத்தான் வாலெல்லாம் வேண்டாம்னு வச்சேன்.

— ரெண்டாவது தந்தது கறி கொதிச்சதும் கரைஞ்சு கூழாப் போச்சு.

— இது மூணாவதுக்கா. அவிச்சு ஆறவச்சு, தேங்காயெண்ணெயில லேசாப் பொரிச்செடுத்தேன். எங்க மகளிர் குழுவுல ஒம்பது பேரும் சொல்லியாச்சு, பிரீனாக்கா துப்பினா இதோட நிறுத்தீருவோம்னு. சந்தையில உங்க நாக்கத்தான் எல்லாரும் நம்புவாவ.

— மொகத்த அப்பிடி வைக்காத, கேளு. தேங்காயும் மல்லியும் வத்தலும் மையா அரைச்சு, புளி கரைச்சு விட்டு, மாங்காயும் கீறிப் போட்டு, மீனுக்கு வைக்கியது போலத்தான் வச்சேன். கடைசியில உனக்க துண்டப் போட்டேன். ஒண்ணுகூட உடையல. சாறு நடு வரைக்கும் ஏறிக் கெடக்கு. மீனுகூட அப்பிடிக் குடிக்காது, கேட்டியா.

— உள்ளதுதானாக்கா?

— உனக்கு நான் எதுக்குப் பொய் சொல்லுகேன்? மீனு மாதிரி இல்ல, இருக்கவும் வேண்டாம். பயறு பயறாவே இருக்கு, கறி நம்ம கறியா இருக்கு. நீ கெட்டிக்காரிட்டி.

— அப்போ எத்தன துண்டு தின்னிய?

— ஒண்ணு. உப்பு பாக்கியதுக்கு.

— ஒண்ணா? பிடிச்சிருந்தா ஒண்ணோட நிறுத்துவியளா? எனக்க மனசு நோவாண்டாம்னு சொல்லுகியளா?

— இல்ல மக்கா. சந்தையில யாருட்டயும் நான் சொல்லல. எங்க வீட்டுக்காரருக்குக் கேன்சரு. ஊசி போடத் தொடங்கினதுலேருந்து மீன் மணமே ஆவாது. நான் வெளிய குளிச்சுட்டுத்தான் அவரு கிட்ட போவேன். புரோட்டீன் உள்ள போவணும்னு டாக்டர் சொல்லுகாரு. பொடியக் கலக்கிக் குடுத்தா வாந்தி. வெறும் கஞ்சிவெள்ளம்தான்.

— அய்யோ, அக்கா...

— மூணு மாசம் கழிச்சு, நேத்தைக்குத்தான் அந்தக் கறிக்கு எங்க வீட்டுல சோறு பத்தாமப் போச்சு.