பிணவறைக்கு நாலரை நட்சத்திரம்

– பையை அப்புறம் வாங்கிக்கலாம், போவாத்தி. முதல்ல என் போன்ல இதைப் படி. சத்தமாப் படி.

– அக்கா, இப்பத்தான் தக்கோராடி பஸ்ஸை விட்டு இறங்கி வர்றீங்க. ஒரு வாய் தண்ணியாவது குடிங்க.

– படிடா.

– "குமாசியில் இப்படி ஒரு பிணவறை இருக்கும் என்று நினைக்கவில்லை. அப்பாவைக் காலையில் கேட்டோம், மதியமே கொடுத்துவிட்டார்கள். அன்று மாலையே பெக்வாயில், அம்மாவின் ஊர் இடுகாட்டில் அடக்கம் செய்தோம். காத்திருக்கவே வேண்டியதில்லை. செர்வா அமன்குவா, ஹாம்பர்க்." அஞ்சு நட்சத்திரம்.

– அந்தக் கடைசி வார்த்தைக்கு மட்டும் உன் குரல் நிமிருது பாரு.

– நிமிரல அக்கா. இருக்குறதைப் படிச்சேன்.

– மூணு நாள் இந்த இடத்தை உன்கிட்ட விட்டுட்டுப் போனேன். மூணு நாள். நீ அசாந்தியில பொறந்தவன்தானே? ஒரு மனுஷன் செத்தா அந்தப் பொணம் யாருக்குச் சொந்தம்? பெத்த பிள்ளைக்கா, அவனோட அம்மா வழிக் குடும்பத்துக்கா?

– குடும்பத்துக்கு.

– அந்தக் குடும்பத்துக்குத் தலைவர் யாரு?

– பெரியவர் ஓபானின் தவியா.

– அந்தச் செர்வாவோட அப்பா அமன்குவாவை இங்க கொண்டு வந்து விட்டவரே அவரு. நான் வந்து கேக்குற வரைக்கும் என் தங்கச்சி மகனை யாரும் தொடக் கூடாதுன்னு இதே மேசைகிட்ட நின்னு சொன்னாரு. சனிக்கிழமை அவங்க ஊர் மாம்போங்ல சடங்கு. சுவரெல்லாம் படம் ஒட்டியாச்சு, கொட்டகைக்குச் சொல்லியாச்சு. அந்த ஆளை நீ மககிட்டத் தூக்கிக் கொடுத்து, அவ அம்மா ஊர் மண்ணுல போட வச்சிருக்க. எதுக்கு? அஞ்சு மஞ்சப் புள்ளிக்கு.

– தனியாப் பேசலாம் அக்கா. கதவைச் சாத்திக்கிட்டு.

– யாரு கேட்டுடப் போறா? உள்ள படுத்திருக்கிறவங்களா?

– நீங்க கத்துற கத்துல அவங்களே எழுந்திருச்சிடுவாங்க.

– என்கிட்ட வேடிக்கை பேசாத. கொடுத்தியா இல்லையா?

– சரி, நான் ஒண்ணு கேக்குறேன். இந்தச் சுவத்துல இருக்குற பலகை யார் எழுதினது? என் கையெழுத்தா அது?

– என்னுதுதான். அதுக்கென்ன?

– "ஈஸ்டருக்குள் நாலரை நட்சத்திரம். வாரத்துக்கு ஐந்து புது விமர்சனம். தாமதம் என்ற புகார் பாதியாகக் குறைய வேண்டும்." அக்ராவுக்குப் போயி ஏதோ வகுப்புல உக்காந்துட்டு வந்து எழுதினீங்க. அளக்க முடியாததெல்லாம் இலக்கு இல்ல போவாத்தின்னு எனக்குப் பாடம் எடுத்தீங்க. நல்லாப் பாத்துக்கோன்னு சொன்னா அது இலக்கு இல்லையாம். நாலரைன்னு சொன்னாத்தான் இலக்காம்.

– எழுதாம என்ன பண்றது? ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதுசாத் தொறந்தவன் நாலு புள்ளி ஆறுல நிக்குறான். ஹாம்பர்க்லயும் டொராண்டோவுலயும் உக்காந்திருக்கிறவன்தான் போன்ல நட்சத்திரம் பாத்துட்டு, அப்பாவை இங்க வை, அம்மாவை அங்க வைன்னு ஊருக்குச் சொல்றான். நாம அப்ப மூணு புள்ளி ஒண்ணு. மூணு புள்ளி ஒண்ணுக்கு எவன் தன் அம்மாவைக் கொண்டு வந்து விடுவான்?

– அந்த மூணு புள்ளி ஒண்ணு எப்படி வந்துச்சுன்னு பாத்தீங்களா? ஒருத்தன் ஒத்தை நட்சத்திரம் போட்டு, "எங்க தாத்தா முகத்துல சிரிப்பே இல்ல"ன்னு எழுதியிருக்கான். அந்தத் தாத்தா உயிரோட இருந்தப்பவே சிரிச்சு யாரும் பாத்ததில்ல. இன்னொருத்தி, வண்டி நிறுத்த இடம் இல்லைன்னு ரெண்டு. திட்டுறவன் மட்டும்தான் அக்கா எழுதுறான். நல்லபடியாக் குளிப்பாட்டி, உடுத்தி, வாசனை போட்டுக் கொடுத்தா, அழுதுக்கிட்டே வாங்கிட்டுப் போயிடுறாங்க. சாவு வீட்டுல எவன் உக்காந்து நட்சத்திரம் குத்துவான்?

– கேட்டு வாங்கணும். அதுக்குத்தான் உனக்கு முன் மேசை.

– கேட்டேன். ஒரு விதவைகிட்டப் போனை நீட்டினேன். அவ அண்ணன் என் சட்டையைப் பிடிச்சான். அன்னைக்குச் சாயங்காலம் உங்ககிட்டச் சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?

– ஞாபகம் இல்ல.

– எனக்கு இருக்கு. "காரணம் வேண்டாம், எண்ணைச் சொல்லு. இலக்கு வரலைன்னா ஈஸ்டரோட முன் மேசை பிரம்பாவுக்கு." சித்தி மகன் பிரம்பாவுக்கு. நேத்து வரைக்கும் டயர் வித்தவனுக்கு.

– அவன் டயரை மாத்திக் கொடுத்திருக்க மாட்டான். அந்தச் செர்வா வந்து நின்னப்ப உன் புத்தி எங்க போச்சு?

– அக்கா, வாசலைப் பாருங்க.

– பேச்சை மாத்தாத.

– மாத்தல. ஓபானின் தவியா வந்துக்கிட்டிருக்காரு. பின்னால ஒரு கூட்டம்.

– நீ வாயைத் திறக்காத. நான் பேசிக்குறேன். ... வாங்க ஐயா. கும்பிடுறேன். போவாத்தி, ஐயாவுக்குத் தண்ணி கொண்டா.

– தண்ணி வேண்டாம், நியார்கோவா. தண்ணி வாங்கிக் குடிச்சா, வந்த காரணத்தை நிதானமாச் சொல்லணும். நிதானமாச் சொல்ல இந்தத் தவியா வரல.

– உக்காரவாவது செய்யுங்க ஐயா.

– நிக்குறேன். எங்க ஆளுங்களை வெளியிலயே நிறுத்தியிருக்கேன். உள்ள விட்டா இந்த மேசை மேசையா இருக்காது. நான் ஒண்ணுதான் கேக்க வந்தேன். என் தங்கச்சி மகனை எடுத்துக் கொடுத்தது எந்தக் கை?

– ஐயா, தப்பு எங்க பக்கம்தான். நான் ஊர்ல இல்ல...

– உன்னைக் கேக்கல பொண்ணே. உன் தம்பி ஏன் தரையைப் பாக்குறான்?

– ஐயாகிட்டப் பேசுடா.

– நீங்கதானே வாயைத் திறக்காதன்னு சொன்னீங்க.

– இப்பத் திற.

– ஐயாவுக்கு இந்த விஷயம் எப்படித் தெரிஞ்சுது?

– ஏன், மூடி வைக்கலாம்னு நினைச்சியா? என் அண்ணன் பேத்தி இங்கதான் காலேஜ்ல படிக்குறா. நேத்து குடும்பத்து வாட்ஸ்அப்புல போட்டா. ஒரு நாழியில லண்டன் வரைக்கும் போயிடுச்சு. சனிக்கிழமைக்குத் துணி தைச்சு வச்சிருக்காங்க அத்தனை பேரும். அவங்களுக்கு நான் என்னன்னு சொல்றது?

– செர்வாவைக் கேட்டீங்களா ஐயா?

– அந்தப் பொண்ணு எங்க போனை எடுத்து ரொம்ப வருஷமாச்சு. அவ அம்மாவை நாங்க வீட்டை விட்டு அனுப்பினதுல இருந்து. பழி வாங்கிட்டா. அவளுக்குக் கோவம் இருக்கு, புரியுது. உனக்கு எங்க மேல என்னடா கோவம்?

– எனக்கு ஒண்ணும் இல்லீங்க ஐயா.

– அப்ப ஒரு கோவமும் இல்லாமலே கொடுத்திருக்க. இது அதைவிட மோசம்.

– ஐயா, அவ வந்து வாங்கிட்டுப் போனதுக்குக் கையெழுத்து இருக்கும். சாட்சி இருக்கும். உங்க முன்னால கொண்டு வந்து வைக்கிறோம். போவாத்தி, அவ கையெழுத்து எங்க?

– இல்ல.

– இல்லன்னா? கையெழுத்து வாங்காமலா ஆளை அனுப்பின?

– அனுப்பல.

– என்ன அனுப்பல?

– யாரையும் அனுப்பல அக்கா. செர்வா வரவே இல்ல. அவ ஹாம்பர்க்லதான் இருப்பா, எனக்கென்ன தெரியும். அந்த விமர்சனத்தை எழுதினது நான்.

– நீ.

– இந்த வாரம் ஒண்ணுகூட வரல. அஞ்சு வேணும். சும்மா "நல்ல சேவை"ன்னு எழுதினா பொய்யின்னு கண்டுபிடிச்சு அழிச்சிடுறாங்க. பேரு, ஊரு, நடந்த விவரம் எல்லாம் இருந்தாத்தான் நிக்குது. வெளிநாட்டுல இருக்கிறவ, குடும்பத்தோட பேச்சு வார்த்தை இல்லன்னு ஐயாகூட வந்தவங்க அன்னைக்குப் பேசிக்கிட்டாங்க, அவ கண்ணுல படாதுன்னு அவ பேரைப் போட்டேன். தாமதம்னுதானே எல்லாரும் திட்டுறாங்க, அதனால மதியமே கொடுத்தாங்க, சாயங்காலமே புதைச்சோம்னு எழுதினேன். பெக்வாய்னு போட்டா உண்மை மாதிரி இருக்கும்னு தோணுச்சு.

– ஆறு மாசமா நாம ஏறினதெல்லாம்?

– பாதிக்கு மேல நான்தான்.

– இவ்வளவு நேரம் என்னைக் கத்த விட்டுட்டு நின்னியே.

– பொணத்தைக் கொடுத்தேன்னா திட்டோட போயிடும். பொய் எழுதினேன்னா பிரம்பா வந்துடுவான்.

– தூ. நட. குளிர் அறையைத் திற. ஐயா, நீங்களும் வாங்க. இவன் வாய் வார்த்தையை நான் நம்பல, நீங்களும் நம்ப வேண்டாம். எந்தத் தட்டு?

– நடுத்தட்டு.

– இழு. முகத்துத் துணியை எடு. ஐயா, கிட்ட வந்து பாருங்க.

– ...ஆமா. அமன்குவாதான். இடது காது மடல் பிஞ்சிருக்கு பாரு, சின்ன வயசுல நாய் கடிச்சது. இவன்தான்.

– அப்பாடா. உயிர் வந்துச்சு எனக்கு. இங்கதான் இருக்காரு ஐயா, ஒரு குறையும் இல்ல. சனிக்கிழமை காலையில நீங்களே உங்க கையால வாங்கிட்டுப் போங்க. என் தம்பி உங்க கால்ல விழுவான், வாட்ஸ்அப்புல வேணும்னாலும் விழுவான். அப்புறம் இந்த மேசைப் பக்கம் அவன் வர மாட்டான். ஐயா? ஏன் வாசல் பக்கமே திரும்பிப் பாக்குறீங்க? உக்காருங்க. போவாத்தி, நாற்காலி.

– நாற்காலி வேண்டாம்.

– இப்பவே அழிச்சிடறேன் ஐயா. ஒரு நிமிஷம்தான்.

– நீ எழுதினதை எங்க பசங்க வரி விடாமப் படிச்சாங்க. பெக்வாய் இடுகாட்டுல ஒரு புது மண்மேடு இருந்துச்சு. மேல பேர்ப்பலகை கூட இல்ல. அவசரத்துல புதைச்சிருக்காங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் தலையாட்டினேன்.

– தலையாட்டினீங்கன்னா? எதுக்கு ஐயா?

– வெளிய லாரி நிக்குது, நியார்கோவா. இருட்டு பிரியறதுக்குள்ள அந்த மேட்டைத் தோண்டிப் பெட்டியை எடுத்துட்டோம், மூடியை இன்னும் திறக்கல. வந்து பாத்து, அது யாருடைய பொணம்னு எனக்குச் சொல்லு.