மீன் முள் குத்திய விரல்

மீன் முள் குத்துவது எங்கள் கரையில் ஒரு கதையே இல்லை, சுவாமி. கருவாடு போடுகிற எந்தப் பெண்ணின் கையையும் பிடித்துப் பாருங்கள், உப்பிலும் வெயிலிலும் தோல் தடித்துப்போய்க் கிடக்கும். முள் குத்தினால் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த மீனை எடுப்போம். கெழுத்தி முள் என்றால் மட்டும் ஒரு நாள் கடுக்கும்.

அதனால்தான் நீங்கள் கேட்டது எனக்கு உடனே விளங்கவில்லை. தன் கல்யாணத்தைச் செல்லாது என்று அறிவிக்கும்படி என் மகன் மில்ரன் ஆயரிடம் மனுக் கொடுத்திருக்கிறான். அதை விசாரிக்க நீங்கள் நானாட்டானுக்குப் போய் என் மருமகள் டினோஜாவைக் கண்டிருக்கிறீர்கள். அவள் ஒன்றையும் மறுக்கவில்லை, குற்றம் தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். நீங்கள் எழும்பி வரும்போது மட்டும், மாமியின் விரலில் குத்திய மீன் முள் ஆறிவிட்டதா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னாளாம். நீங்களும் அப்படியே வந்து கேட்கிறீர்கள். ஆறவில்லை, சுவாமி. ஏன் என்று சொல்கிறேன். அவசரமில்லை, தேத்தண்ணியைக் குடியுங்கள்.

என் மனுஷன் பெனடிக்ற் கடலோடு போனார். மூத்தவன் ஜெகதீபன் சண்டையோடு போனான், சண்டை முடிந்த வருடம் எந்த மண்ணில் கிடந்தான் என்று இன்றைக்கும் தெரியாது. எஞ்சியவன் மில்ரன் ஒருத்தன். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து தகரக் கொட்டிலில் இருந்தோம், பிறகு வீட்டுத்திட்டத்தில் இந்தக் கல்வீடு கிடைத்தது. வீட்டைப் பூசி முடிக்கவென்று அவன் கட்டாருக்கு வேலைக்குப் போனான். வந்து இறங்கிய சில நாளில் அவனுடைய உள்ளங்கையைக் கண்டேன். செம்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக. உள்ளங்காலிலும் அப்படியே. அரிப்பில்லை, நோவில்லை.

சுவிஸில் இருக்கிற என் தங்கச்சி பிரான்சிஸ்காவுக்குப் போனில் படம் அனுப்பினேன். அவள் அங்கே வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறவள். படத்தைக் கண்டதும் உடனே போன் எடுத்தாள்.

"அக்கா, உவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ."

"ஏன்? சூட்டுக்கு வந்ததெல்லே?"

"சூடில்லை. பொம்பிளையளோட போனா வாற வருத்தம். ஊசி போட்டா மாறியிடும், அங்க காசுமில்லாமல் போடுவினம். பயப்பிட ஒண்டுமில்லை."

பயப்பிட ஒன்றுமில்லை என்று சுவிஸில் இருந்துகொண்டு சொல்லலாம். அந்தக் கிளினிக் வாசலில் யார் யார் நிற்பார்கள், யாருடைய மச்சாள் உள்ளே துண்டு எழுதுவாள் என்பது எனக்குத்தான் தெரியும். காலையில் பெயர் கூப்பிட்டால் மத்தியானம் கரைக்கு வந்துவிடும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அப்போது டினோஜாவைப் பேசி முடித்து, தாலிக்கொடிக்கும் சொல்லியிருந்தோம். அவனை ஆஸ்பத்திரிக்கு விடமாட்டேன் என்று நான் ஒரே பிடியில் நின்றேன். பிரான்சிஸ்கா அழுதாள், பிறகு வீட்டில் வைத்தே பார்க்கிற சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டாள். ஐந்து தகடுகள் அதற்குள் இருந்தன. விரலில் குத்தி ஒரு துளி இரத்தம் விட்டு, மேலே மருந்துத் தண்ணீர் விட வேண்டும். ஒரு கோடு வந்தால் வருத்தம் இல்லை. இரண்டு கோடு வந்தால் இருக்கிறது.

மில்ரனுக்கு இரண்டு வந்தது.

நான் தகட்டைக் குசினிக்குள் கொண்டுபோய்த்தான் பார்த்தேன். அவன் வாசலில் பச்சைப்பிள்ளை மாதிரி நின்றான்.

"என்னம்மா?"

"ஒண்டுமில்லை. ஒரு கோடுதான். சூட்டுக்கு வந்தது."

அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கட்டாரில் தான் என்ன செய்தான் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நம்ப ஆசைப்படுகிறவனை நம்ப வைக்கப் பெரிய கெட்டித்தனம் தேவையில்லை. தகட்டை அடுப்புக்குள் போட்டேன். பிளாஸ்டிக் நாற்றம் சோற்றில் ஏறிவிட்டது. அதையே சாப்பிட்டோம்.

நான் சும்மா இருக்கவில்லை. மடு மாதா கோயில் மண் பாம்புக்கடிக்கே கேட்கும். அதைத் தண்ணீரில் கரைத்துக் காலையும் மாலையும் கொடுத்தேன், கையிலும் பூசினேன். புள்ளிகள் மறைந்தன. நான் மாதாவுக்கு நன்றி சொல்லி மெழுகுதிரி கொளுத்தினேன். மனம் கேளாமல் இன்னொரு தகட்டிலும் அவன் இரத்தத்தைப் பார்த்தேன். அப்போதும் இரண்டு கோடு. புள்ளிகள் மறைந்தது மண்ணால் இல்லை. அவை தானாகவே போகும், வருத்தம் உள்ளுக்குள்தான் இருக்கும் என்று பிரான்சிஸ்கா முன்னமே சொல்லியிருந்தாள்.

டினோஜா தாயில்லாப் பிள்ளை. தகப்பன் பத்திநாதன் அவளைத் தமிழ்நாட்டு முகாமில் வளர்த்தெடுத்து, ஊர் திரும்பி நானாட்டானில் வந்து குடியிருந்தார். பேச்சில் கொஞ்சம் இந்தியா இருக்கும். என்னை அத்தை என்று கூப்பிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு மாமி என்பாள். நான் பகிடி பண்ணுவேன். நல்ல பிள்ளை, அதை நான் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை.

கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கத் தொடங்கியிருந்த கிழமை சீலை பார்க்க வந்தவள், தகப்பன் வெளியே போன நேரம் பார்த்து என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"மாமி, கோவிச்சுக்காதீங்க. முகாம்ல ஒரு நர்ஸ் அக்கா சொல்லுவாங்க, கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் ரத்தம் பார்த்துக்கணும்னு. அவர் வெளிநாட்டில இருந்து வந்தவர். நானும் முகாம்ல இருந்தவ. ரெண்டு பேரும் பார்ப்பம்."

கோபம் வந்ததுதான். ஆனால் நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊர் கதைக்கும், என்னிடம் வீட்டிலேயே பார்க்கிற சாமான் இருக்கிறது என்றேன். அவளுடைய விரலில் நானே குத்தினேன். ஒரு துளி போதும் என்ற இடத்தில் இரண்டு மூன்று துளி வந்தது, மெல்லிய தோல். ஓலை வாசித்த பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் முகம் பார்க்கக் கூடாது என்று சொல்லி அவளைக் கூடத்தில் இருக்க வைத்துவிட்டு, மில்ரனுக்கென்று மற்றத் தகட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். மில்ரன் கொட்டிலில் வலை பொத்திக்கொண்டிருந்தான். நான் கொட்டிலுக்குப் போகவில்லை. கிணற்றடியில் நின்று என் விரலில் குத்தினேன்.

முதல் குத்துக்கு இரத்தம் வரவில்லை, தோல் அவ்வளவு தடிப்பு. திரும்பவும் அதே இடத்தில் ஆழமாகக் குத்தினேன். அப்போது எனக்கு ஒரு கலக்கமும் இருக்கவில்லை. அவன் என் வயிற்றில் கிடந்தவன். என் இரத்தம்தானே அவனுக்குள் ஓடுகிறது என்று நினைத்தேன். இப்போதும் அது பொய் என்று எனக்குப் படவில்லை.

இரண்டு தகட்டையும் திரு இருதயப் படத்துக்குக் கீழே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் ஒரு கோடு, மற்றதிலும் ஒரு கோடு. டினோஜா சிரித்துக்கொண்டே அழுதாள். என் கையைப் பிடித்துக் கொஞ்சினாள். கொஞ்சியவள் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"மாமி, உங்க விரல்லயும் ரத்தம்."

"மீன் முள்ளு பிள்ளை. காலமை குத்தினது."

அவள் தன் கைலேஞ்சியால் துடைத்துவிட்டாள்.

ஓலை மூன்று ஞாயிறும் வாசிக்கப்பட்டது. இவர்கள் விவாகம் செய்யத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சுவாமியிடம் தெரிவிக்க வேண்டும் என்று படித்துவிட்டு, எங்கள் சுவாமி கொஞ்சம் நிறுத்துவார். விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும். நான் முதல் வரிசை வாங்கில் இருந்தேன். மூன்று ஞாயிறும் இருந்தேன். கல்யாணம் நன்றாக நடந்தது.

பிள்ளை தங்கியபோது அவள் கிளினிக்கில் பதிய வேண்டும் என்றாள். பதிந்தால் முதல் வேலையாக இரத்தம் எடுப்பார்கள், எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். நான் மடு மாதாவுக்கு நேர்ந்திருப்பதாகச் சொன்னேன். ஆவணித் திருவிழாவில் மாதாவுக்குச் சொன்ன பிறகுதான் வெளி ஆட்களுக்குச் சொல்வது, அதுதான் எங்கள் வீட்டு வழக்கம் என்றேன். அப்படி ஒரு வழக்கமும் எங்களிடம் இருந்ததில்லை. வயிறு தெரியத் தொடங்கியதும் இங்கத்தைய மருத்துவிச்சி மிஸ்ஸி வந்து கேட்டா. நானாட்டானில் தகப்பன் வீட்டோடு பதிந்திருக்கிறாள் என்றேன். நானாட்டானில் விசாரித்தவர்களுக்கு இங்கே பதிந்தாயிற்று என்று சொல்லிவிட்டேன். டினோஜா கேட்டாள்தான், பாவம், இரண்டு மூன்று தரம் கேட்டாள்.

"மாதாவை விட மிஸ்ஸி பெரிசோ?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. மடு, மடு என்று முகாமில் கேட்டே வளர்ந்தவள். திருவிழாவில் அந்த வயிற்றோடு மாதாவின் சுருபத்துக்குப் பின்னால் நடந்தாள். பிள்ளை துடிக்கிறது என்று என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். துடித்தது. அந்த விரலுக்குக் கீழேதான் துடித்தது.

ஊர் திரும்பிய கிழமையே துடிப்பு நின்றுவிட்டது. பெண் பிள்ளை. ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றி என்னிடம்தான் தந்தார்கள். விரித்துப் பார்த்தேன். உள்ளங்கையும் உள்ளங்காலும் தோல் உரிந்து கிடந்தன. மில்ரன் வரும் முன்னர் அந்தக் கைகளை மூடி, துணியால் இறுக்கிக் கட்டினேன். அவன் தன் கையைத் திருப்பிப் பார்க்கக் கூடாதே என்ற ஒரே நினைப்புத்தான்.

பிறகு டாக்குத்தர் மகன், மருமகள் இரண்டு பேருடைய இரத்தத்தையும் பார்த்தார். இரண்டு பேருக்கும் இருந்தது. ஊசி போட்டார்கள், மாறிவிட்டது. பிரான்சிஸ்கா சொன்னது சரிதான், பயப்பிட ஒன்றுமில்லை.

அன்றைக்கு இதே கதிரையில் இருந்துதான் மில்ரன் கேட்டான்.

"எப்பிடி அம்மா? எனக்கு ஒரு கோடெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"ஓம். ரெண்டு தகட்டையும் அவளும் பாத்தவள்தானே."

"அப்ப அவளுக்கும் ஒரு கோடுதானே வந்தது?"

"சிலருக்குப் பிந்தித்தான் காட்டுமாம். முகாமில வளந்த பிள்ளை. எனக்கென்ன தெரியும்?"

இவ்வளவுதான் சொன்னேன். அவளை ஒரு கெட்ட வார்த்தையால் ஏசியதில்லை. மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. அவள் குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். உள்ளே வந்து என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தாள். "மாமி, நான் என்ன செய்தனான்?" என்று கேட்டாள். எங்கள் பேச்சு அவளுக்கு முழுதாக வந்துவிட்டது என்று அந்த நேரத்தில் எனக்கு ஒரு நினைப்பு ஓடியது. அடுத்த நாள் தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து பூசையில் எனக்கு ஒரு கரைச்சல். நன்மை அப்பம் வாங்கச் சனங்கள் வரிசையில் நின்று உள்ளங்கையை விரிப்பார்கள் இல்லையா? ஒவ்வொரு கையும் தோல் உரிந்த சின்னக் கையாகத் தெரிகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிலேயே இருந்துவிடுவேன். வெயிலில் மீன் விரிக்கும்போதும் சில நாள் அப்படித்தான். குத்திய இடம் அப்போது கடுக்கும். வெளியே ஒரு அடையாளமும் இல்லை. மருந்துக் கடையில் காட்டினேன், ஒன்றுமில்லை என்றார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, சுவாமி. முழுக்கச் சொல்வதென்றால் அதையும் சொல்ல வேண்டும். சோதனைப் பெட்டி அனுப்பிய அன்றே பிரான்சிஸ்கா போனில் சொன்னாள்: "ஊசி போடாமல் கட்டிக் குடுத்தியெண்டா அந்தப் பெட்டைக்கும் தொத்தும் அக்கா. பிள்ளை தங்கினாலும் வயித்துக்குள்ளயே செத்துப்போகும்." நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். லைன் தெளிவாக இருந்தது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் கிணற்றடிக்குப் போனேன். ஒரு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவள் நான். மிஞ்சியவனின் பெயரா, இன்னும் பிறக்காத ஒன்றா என்று வந்தால் எந்தத் தாயும் என்ன செய்வாள்?

டினோஜாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அவள் உங்களிடம் சொல்லவில்லை. என்னை மன்னித்துவிட்டாள் என்றுதான் நான் எடுக்கிறேன். அவளே குற்றத்தை ஏற்ற பிறகு நான் சொன்னதை நீங்கள் எழுதி ஆருக்கு என்ன லாபம்? மில்ரனுக்கு இன்னும் வயது இருக்கிறது.

நீங்கள் ஏன் என் கையையே பார்க்கிறீர்கள்? எங்கள் குடும்பத்து இரத்தத்தில் ஒரு பழுதும் இல்லை. அலுமாரிக்குள் கடைசித் தகடு ஒன்று மிச்சம் இருக்கிறது. எடுத்து வருகிறேன், உங்கள் முன்னாலேயே குத்துங்கள். ஒரு கோடுதான் வரும்.