தம்பி சுருளி செய்துகொண்ட ஆபரேஷன்

"இந்த விஷயத்தை மேடை போட்டுப் பேசலாமா?" என்று ஊரே தயங்கியபோது, "பேசுங்க டீச்சர், நான் முன்னால உக்காந்திருக்கேன்" என்று சொல்லித் துணிவு தந்த கூட்டத் தலைவர், மகளிர் குழுவின் மாண்புமிகு சகோதரி ரேணுகா அவர்களே, மருத்துவத்தை மனிதர் மொழியில் சொல்லத் தெரிந்த டாக்டர் அருணா அவர்களே, ராசிங்காபுரத்து முதியோர்களே, காட்டு வேலை முடித்து, கால்வலியோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, ஏலக்காய் வாசம் இன்னும் விரலை விட்டுப் போகாத எஸ்டேட்டுச் சகோதரிகளே, டீக்கடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காதை மட்டும் இந்தப் பக்கம் விட்டு வைத்திருக்கும் என் அருமை ஆண் சிங்கங்களே, உங்கள் அனைவருக்கும், போடியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் இந்தச் செல்லக்கிளியின் பணிவான வணக்கம்.

ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டுக் கூட்டம் என்று பெரிய எழுத்தில் பேனர் கட்டியிருக்கிறார்கள். நாற்காலியில் யார் இருக்கிறார்கள்? பெண்கள். கட்டுப்பாடு யாருக்கு? ஆண்களுக்கு. அவர்கள் எங்கே? வடை தின்றுகொண்டிருக்கிறார்கள். தின்னுங்கள், நல்லது. ஆனால் மென்றுகொண்டே கேளுங்கள். இன்று நான் உங்களைத் திட்ட வரவில்லை. ஒரு ஆண்மகனைப் புகழ வந்திருக்கிறேன்.

வீரன் என்று யாரைச் சொல்கிறோம்? காளையை அடக்கியவனைச் சொல்கிறோம். காட்டு யானைக்கு எதிரே நின்றவனைச் சொல்கிறோம். கொண்டை ஊசி வளைவில் ஒற்றைக் கையால் ஜீப்பை ஒடிப்பவனைச் சொல்கிறோம். நான் சொல்லப்போகும் வீரன், ஒரு கட்டிலில் கொஞ்ச நேரம் அசையாமல் படுத்திருந்தவன். படுத்ததில் என்ன வீரம் என்கிறீர்களா? படுக்கப் போகும் வழியில்தான் வீரம் இருந்தது.

அவன் பெயர் சுருளி. என் உடன்பிறந்த தம்பி. விடிவதற்குள் போடிமெட்டுக்கு ஜீப்பு ஏற்றி, எஸ்டேட்டுக்கு ஆளும் லோடும் கொண்டுபோய் இறக்குகிறவன். அதோ, மூன்றாவது வரிசையில் தலை குனிந்திருக்கிறானே, அவன்தான். நிமிர்ந்து உட்காரப்பா. அவனிடமும் அவன் மனைவி முத்துப்பிரியாவிடமும் கேட்டு, இருவரும் சரி என்று சொன்ன பிறகுதான் இந்தக் கதையை மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

முத்துப்பிரியாவுக்கு இரண்டு பெண் குழந்தைகள். இரண்டாவது பேறுகாலத்தில்தான் அவளுடைய இதய வால்வில் கோளாறு இருப்பது தெரிந்தது. பெற்றுப் பிழைத்து வருவதற்குள் எங்கள் குடும்பமே செத்துப் பிழைத்தது. இதோ அமர்ந்திருக்கும் நம் டாக்டரம்மா அருணா, சுருளியைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "இன்னொரு பிரசவத்தை இந்த உடம்பு தாங்காது. இவங்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் பண்றதும் ஆபத்துதான்." நம் வீடுகளில் இந்த இடத்தில் என்ன நடக்கும்? கணவன் மாமியாரைப் பார்ப்பான்; மாமியார் சாமியைப் பார்ப்பாள். என் தம்பி யாரையும் பார்க்கவில்லை. "அப்ப எனக்குப் பண்ணிவிடுங்க டாக்டரம்மா" என்றான்.

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் எங்கள் பெரியப்பா மொக்கையன் நிற்கிறார். பெரியப்பா, எழுந்து போகாதீர்கள். கதையில் உங்களுக்கு நல்ல இடமும் வருகிறது. அன்றைக்கு அவர் கேட்டார்: "ஏப்பு, ரெண்டும் பொட்டப்புள்ள. ஆம்பளப் புள்ள வேணாமா?" சுருளி சொன்னான்: "இருக்குற ரெண்டுக்கும் ஆத்தா வேணும் பெரியப்பா." நான் இருபது வருடமாக மேடையில் பேசுகிறேன். அப்படியொரு வாக்கியம் என் வாயில் இதுவரை வந்ததில்லை.

பெரியப்பா விடவில்லை. "நரம்ப வெட்டிட்டா இடுப்பு போயிரும்டா. லோடு தூக்க முடியாது. அப்பறம் நீ ஆம்பளையா இருந்தென்ன, இல்லாட்டி என்ன?" என்றார். அவர் கேட்ட கேள்விதானே இங்கே பலருடைய தொண்டையில் நிற்கிறது? டீக்கடையில் வடை நின்றுவிட்டதே, அதிலிருந்தே தெரிகிறது.

டாக்டரம்மா எங்களுக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். வெட்டுவது நரம்பை இல்லை. விதையிலிருந்து உயிரணுவை மேலே கொண்டுவரும் மெல்லிய குழாய்கள் இரண்டு உண்டு. மரத்துப்போக ஊசி போட்டு, சின்னத் துளை வழியாக அவற்றை எடுத்து, வெட்டிக் கட்டி, உள்ளே விட்டுவிடுவார்கள். இந்த முறையில் பெரும்பாலும் தையல்கூட இல்லை. அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். ஊசி சுருக்கென்று இருக்கும். குழாயைத் தொடும்போது அடிவயிற்றில் ஓர் இழுப்பு தெரியும். வலியே இல்லை என்று நான் மேடையில் பொய் சொல்ல மாட்டேன்.

சரி, ஆண்மை? ஆண்மை அந்தக் குழாயிலா ஓடுகிறது? அது ரத்தத்தில் ஓடுகிறது. மீசை உதிராது, குரல் குறையாது, ஆசை அடங்காது, வெளியே வருவதும் முன்போலவே வரும். அதில் உயிரணு மட்டும் இருக்காது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. பிற்பாடு மனம் மாறினால் பழையபடி இணைப்பது எளிதல்ல. ஆகவே கணவனும் மனைவியும் கலந்து பேசி, போதும் என்று மனதாரத் தீர்மானித்த பிறகே போகவேண்டும்.

ஆபரேஷன் அன்று காலை நான்தான் அவனோடு போனேன். "பயமா இருக்காடா?" என்றேன். "இருக்குக்கா. அவ பட்டதுக்கு இது பாதி கூட இல்ல" என்றான். உள்ளே போனான். நான் வெளியே வாங்கிய டீ ஆறுவதற்குள் திரும்பி வந்தான். ஜீப்பு ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டதால் ஆட்டோவில் கூட்டி வந்தேன். இரண்டு நாள் படுக்கை ஓய்வு. துணியில் சுற்றிய ஐஸ்கட்டி ஒத்தடம். இறுக்கமான உள்ளாடை. லேசான வீக்கம், கொஞ்சம் நீலம் பாய்ந்தது. இவையெல்லாம் வரும், தானே போகும். ஒரு வாரத்துக்கு லோடு தூக்கக்கூடாது, குலுங்கும் வண்டியில் போகக்கூடாது, மனைவியிடமும் ஒதுங்கியே இருக்கவேண்டும். காய்ச்சல் வந்தாலோ, சீழ் வைத்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ, கை வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் வெரசா ஓடவேண்டும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அந்த வாரத்திலேயே என் மூத்தவனுக்குக் காதுகுத்து வந்தது. அதில்தான் விழுந்தது மண்.

எங்கள் குடும்ப வழக்கம் உங்களுக்குத் தெரியும். தாய்மாமன் சீர் கொண்டுவரும்போது, கோயில் வளைவிலிருந்து பந்தல் வரைக்கும் கிடாயைத் தோளில் சுமந்து வரவேண்டும். இந்த முறை வேறு ஆள் தூக்குவது, சுருளி கூட நடந்து வருவது என்று பேசி வைத்திருந்தோம். வளைவில் மேளம் நிற்கிறது, சீர்த்தட்டோடு சனம் நிற்கிறது. அத்தனை பேர் காதிலும் விழும்படி பெரியப்பா சொன்னார்: "கிடாயத் தூக்க வேற ஆளப் பாருங்கப்பா. நம்ம சுருளி அப்புக்குத்தான் இனிமே முடியாதுல்ல."

முத்துப்பிரியா கையைப் பிடித்துப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. குனிந்தான், தூக்கினான், நடந்தான். பந்தலுக்குள் இருந்த எனக்கு முதலில் தெரிந்தது கிடாயின் கொம்பு. அடுத்து தெரிந்தது என் தம்பியின் வேர்த்த முகம். கூட்டம் குலவை போட்டது.

சாயங்காலத்துக்குள் நன்றாக வீங்கிவிட்டது. ஊர் சும்மா இருக்குமா? "நாங்க அப்பவே சொன்னோம்ல?" என்று கிளம்பியது. இரண்டு தெருவில் இரண்டு பேர் ஆபரேஷன் யோசனையையே கைவிட்டார்கள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, உள்ளே கொஞ்சம் ரத்தம் கட்டியிருக்கிறது, மாத்திரையும் ஓய்வும் போதும் என்றார். போகும்போது என்னிடம் சொன்னார்: "நான் பண்ணது சரியாத்தான் இருக்கு டீச்சர். ஆடு பண்ணதுதான் இது." சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நாங்கள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. வீக்கம் வடிந்து, அவன் மறுபடி மெட்டு ஏறிய பிறகுதான் எங்களுக்குச் சோறு இறங்கியது.

கிடாயைத் தூக்கியதை நான் வீரம் என்று சொல்லமாட்டேன். அது வீம்பு. வீரம் அதற்குப் பிறகு வந்தது.

மலையில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். மேலே தொட்டியில் வால்வை மூடிவிட்டால் கீழே ஓஸ் பைப்பில் தண்ணீர் உடனே நிற்கிறதா? ஏற்கெனவே பைப்பில் இருக்கும் தண்ணீர் வடியும்வரை வந்துகொண்டுதானே இருக்கும்? இதுவும் அப்படித்தான். குழாயைக் கட்டிய பின்பும், மேலே தங்கிய உயிரணு தீர மூன்று மாதம் போல ஆகும். அதுவரை ஆணுறையோ வேறு தடுப்போ கட்டாயம் வேண்டும். மூன்று மாதம் கழிந்தால் மட்டும் போதுமா? ஏலக்காய்ச் சாம்பிளைப் பார்க்காமல் ஏலத்தில் யாராவது விலை சொல்வார்களா? விந்தைக் கொடுத்துப் பரிசோதித்து, உயிரணு இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகே நிம்மதி.

இதைத் தெரியாத ஊரில் என்ன நடக்கும்? அந்த இடைவெளியில் ஒரு பெண் கருவுற்றால், ஊர் குழாயைச் சந்தேகப்படுமா, அவளைச் சந்தேகப்படுமா? தாய்மார்கள் தலையசைக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியும்.

ஒருநாள் டீக்கடையில் ஒருவர் நக்கலாகக் கேட்டார்: "என்ன சுருளி, மருந்துக்கடையில இன்னும் உறை வாங்குறியாம்? ஆபரேஷன் பெயிலா?" கடை நிறைய ஆள். பெரியப்பாவும் இருந்தார். என் தம்பி கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "பெயிலு இல்லண்ணே. இன்னும் டெஸ்ட்டு எடுக்கல. அதுவரைக்கும் இப்படித்தான். இப்ப எல்லார் முன்னாலயும் சொல்றேன், நாளைக்கே எதுவும் ஆச்சுன்னா அது என்னால ஆனது. எம்பொண்டாட்டிய எவனும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது."

கேட்டீர்களா? தன் மானத்தைக் காக்க ஆட்டைத் தூக்கியவன், மனைவியின் மானத்தைக் காக்கத் தன் அந்தரங்கத்தையே டீக்கடை மேசையில் எடுத்து வைத்தான். எது பாரம்? எது பலம்? எது ஆண்மை? ஆட்டைச் சுமப்பதா ஆண்மை? அவளுடைய ஆபத்தைத் தன் உடம்பில் சுமப்பதல்லவா ஆண்மை? ஊர் வாயை அடைப்பதா ஆண்மை? ஊர் வாய் திறக்கும் முன்பே, பழி என்னுடையது என்று முன்னால் வந்து நிற்பதல்லவா ஆண்மை? அவனுக்கு அக்காவாகப் பிறந்ததில் எனக்கு அன்றைக்கு அவ்வளவு பெருமை.

பரிசோதனை முடிவு வந்தது. உயிரணு இல்லை. முத்துப்பிரியா அதைக் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள். பிறகு கேசரி கிண்டினாள்.

இந்த வருடம் என் சின்னவளுக்குக் காதுகுத்து. அதே வளைவு, அதே மேளம். சுருளி கிடாயைக் கயிற்றில் பிடித்து நடத்தியே கூட்டி வந்தான். நல்ல உடம்போடு, தினமும் லோடு ஏற்றி இறக்குகிற உடம்போடு. பெரியப்பா பார்த்தார். "தூக்கலையாப்பு?" என்றார். "அதுக்கும் நாலு காலு இருக்குல்ல பெரியப்பா" என்றான்.

பெரியப்பா பந்தியில் போய் உட்கார்ந்தார். பந்தி முடிந்த பிறகு, கை கழுவுகிற இடத்தில் அவனைத் தனியாக ஓரங்கட்டினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "அப்பு, எம்மகன் வினோத்குமாருக்கும் புள்ளைக மூணாயிருச்சு. மருமக உடம்பும் சரியில்ல. அவன் பயப்படுறான். நீயே கூட்டிட்டுப் போயிட்டு வா" என்றார். கொஞ்சம் போய்விட்டுத் திரும்பி வந்து, "வர்றப்ப ஜீப்புல வேணாம். ஆட்டோ பிடிச்சுக்க. குலுங்கக்கூடாதாம்ல" என்றார். பெரியப்பா, இந்த மேடையிலிருந்து உங்கள் கால் தொட்டுக் கும்பிடுகிறேன்.

இங்கே வருமுன் முத்துப்பிரியாவிடம் கேட்டேன்: "உன்னைப் பத்தி மேடையில என்னம்மா சொல்லட்டும்?" அவள் சொன்னாள்: "நான் இருக்கேன்னு சொல்லுங்க மதினி. அது போதும்."

சொல்லிவிட்டேன். பேச இடம் கொடுத்த தலைவருக்கும், பொறுமையாய்க் கேட்ட தாய்மார்களுக்கும், கடையை விட்டு எழுந்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்துவிட்ட சிங்கங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இரண்டு மகள்களையும் இரண்டு பக்கம் சாய்த்துக்கொண்டு எங்கள் முத்துப்பிரியா உயிரோடு உட்கார்ந்திருக்கும் இந்தச் சபைக்கு என் வணக்கம்.