படத்தில் மட்டும் இருந்த பாலம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடக் கற்பனை இல்லை. பொய்யென்றால் இந்தச் சாக்கே மதுவே என் தொண்டையில் விஷமாக இறங்கட்டும்... ஊற்றுங்கள்.

என் சிநேகிதன் ஹிகாக்கியின் தாய்மாமன் குராமித்சுவுக்கு நடந்தது. போர் முடிந்து சில வருஷம். மழை விட்ட இரவு, ஒன்பது மணி இருக்கும். யோஷினோ ஆற்றோர மலைப்பாதை. ஈ காக்கை இல்லை.

குராமித்சு நில அளவைக்காரர். ஆற்றுப் பகுதிக்குப் புது வரைபடம் போட்டபோது, ஊர் ஊராய் நடந்து சரிபார்ப்பது அவர் வேலை. கடைசி ஊருக்கு மட்டும் போகவில்லை. விடுதியில் அயூ மீன் சுடும் வாசனை... காலை நீட்டிவிட்டார்.

"பழைய படத்துல பாலம் இருக்கே. அது எங்க எந்திரிச்சு ஓடிடப் போவுது?"

அது ஓடித்தான் போயிருந்தது, வெள்ளத்தோடு. இவர் அப்படியே புதுத் தாளில் வரைந்து கொடுத்துவிட்டார். அச்சும் ஆனது.

அந்தப் படத்தை நம்பி, ஊருக்குப் புதிதாக வந்த மருத்துவச்சி ஒருத்தி இருட்டில் பிரசவம் பார்க்கப் போனாள். ஆறு கொண்டுபோனது. எல்லோரும் இருட்டைத்தான் திட்டினார்கள். இவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவரைத் தின்றது. அவள் வீட்டு வாசலில் போய் 'நான்தான்' என்று சொல்லிவிடுவதென்று அன்று கிளம்பியிருந்தார்.

பின்னால்... சளக். சளக். ஈரச் செருப்பு. பாசி வாடை, கூடவே ஆஸ்பத்திரி மருந்து வாடை.

ஒரு பெண். கையில் நனைந்த வரைபடம். இடுப்பு வளைய வணங்கினாள்.

"மன்னிக்கணும் ஐயா. இங்க பாலம் போட்டிருக்கு... இருக்குதுங்களா?"

குராமித்சுவுக்குக் காதுமடல் வரை கொதித்தது. சொல்ல வந்ததைச் சொல்ல இதைவிட நல்ல இடம் ஏது? வாயைத் திறந்தார்.

"இருக்கும்மா. படத்துல தப்பு வராது."

"நல்லதாப் போச்சு. நீங்க முன்னால போங்க ஐயா."

மாட்டேன் என்று சொல்ல வெட்கம். படத்தில் பாலம் இருந்த இடத்தில், ஆற்றின் மேல் காலெடுத்து வைத்தார். அடியில் ஆறு இரைந்தது... ஆனால் பாதம் எதிலோ பதிந்தது. மரம் கிறீச்சிடவில்லை. சரக்... சரக்... தாளை மிதிப்பது போல. நடு ஆற்றில் மனசு பொறுக்காமல் திரும்பினார்.

"அம்மா, அதை வரைஞ்சது நான்..."

பின்னால் அவள் இல்லை. பாலமும் இல்லை.

"தெரியுங்க ஐயா" என்றது குரல், தண்ணீருக்குள்ளிருந்து.

அதன்பிறகு குராமித்சுவை எவரும் பார்க்கவில்லை. நடந்ததை அவர் யாரிடமும் சொன்னதுமில்லை. பின்னே எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா... ஊற்றுங்கள்.