கடைசிக் காட்சியில் சாய்பவன்

மைதானத்தின் வடக்குப் பக்கம் காரை நிறுத்தினால் மதிய வெயில் கண்ணில் படாது. ஊருக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், சார்ஜென்ட், உங்களுக்கு உதவும்.

நானும் லயலும் இளவட்டங்களாக இருந்த காலத்திலிருந்து அங்கேதான் நிறுத்துகிறோம். சனிக்கிழமைதோறும் காருக்குள் உட்கார்ந்தே ஃபுட்பால் ஆட்டம் பார்ப்போம். நம் ஊர் அணி பெலிகன்ஸ் கோல் போட்டால் சுற்றி நிற்கும் கார்கள் எல்லாம் ஹார்ன் அடிக்கும். எங்கள் காரில் ஓட்டுவது நான், ஹார்ன் அடிப்பது லயல். என் குறுக்கே சாய்ந்து கையை நீட்டி அடிப்பான். கோப்பை வென்ற வருஷம் வண்டியின் கூரைமேல் ஏறி, திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாக அப்படியே சாய்ந்தான். கீழே நின்ற நான் பிடித்துக்கொண்டேன்.

அதைத்தான் அவன் நாடகமாக எழுதினான். நடித்ததும் நாங்களேதான். ஊர் மண்டப மேடையில் ஒரு பழைய வண்டி. கடைசிக் காட்சியில் அவன் கூரைமேல் நின்று, "நீ இருக்கேல்ல, மச்சான்?" என்பான். "நான் எங்கடா போகப்போறேன்?" என்பேன். சாய்வான். பிடிப்பேன். ஒத்திகையில்கூட அவன் ஒருமுறையும் திரும்பிப் பார்த்ததில்லை.

நாடகத்தின் கடைசி நாள், ஒப்பனை அறையில் சொன்னான்.

"டேய் டெஸ், வீட்ட வித்தாச்சுடா. நொரீனுக்கு இந்தக் குளிர் ஒத்துக்கல. குயின்ஸ்லாந்து போறோம்."

"அப்போ சனிக்கிழமை?"

"அங்க எல்லாம் ரக்பிதான். பழகிக்க வேண்டியதுதான்." மீசையை ஒட்டிக்கொண்டே சிரித்தான். "மூஞ்சிய அப்படி வெச்சுக்காத. பக்கத்து சீட்டுக்கு ஒரு நாய் வாங்கிக்க. என்னைவிட அது கம்மியாத்தான் கத்தும்."

நாய் என்றதில் எனக்குக் கோபமில்லை. ரக்பி என்றானே, அதுதான். ஊரையே கூட்டிவைத்துப் பிரியாத நண்பர்கள் என்று நாடகம் போட்டுக்கொண்டே வீட்டை விற்றிருக்கிறான். பொய்யான நாடகத்தில் நடிக்க எனக்கு விருப்பமில்லை.

வசனத்தில் ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை. "நான் எங்கடா போகப்போறேன்?" என்றேன். பிறகு ஓரடி பின்னால் நகர்ந்தேன். ஜனங்கள் முதலில் கைதட்டினார்கள்.

பின்மண்டையில் அடி. பேச்சும் கால்களும் போயின, இடது கை மிஞ்சியது. வீட்டு விற்பனையை ரத்து செய்தார்கள். குயின்ஸ்லாந்து பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை. சனிக்கிழமைதோறும் நான்தான் அவனைத் தூக்கிக் காரில் உட்காரவைக்கிறேன். "ஒன்ன மாதிரி ஒரு சிநேகிதன் யாருக்கு அமைவான், டெஸ்," என்று அவன் மனைவி நொரீன் அழுகிறாள். அதுவும் உண்மைதான்.

ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகையைக் கொடுத்தபோது அவன் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு 'நகர்ந்தான்' என்று காட்டினான் என்கிறீர்கள். சரியாகத்தான் காட்டியிருக்கிறான். நகர்ந்தேன். வேண்டுமென்றே நகர்ந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இந்தச் சனிக்கிழமை அரையிறுதி. கோல் விழும்போதெல்லாம் அவனுடைய இடது கை மெல்ல நகரும். நான் அதைப் பிடித்து இழுத்து ஹார்ன்மேல் வைத்து அழுத்துவேன். அவன் கதவின் கைப்பிடியைத் தேடுகிறான் என்கிறாள் நர்ஸ். அவளுக்கு ஃபுட்பால் தெரியாது. என்னை இந்த ஸ்டேஷனிலேயே வைத்துவிட்டால், அவன் கையை யார் பிடிப்பார்கள்?