தராசில் கிடந்த ஜன்னல்

சிவாஜிநகர் விறகு டிப்போ வரிசையில் யாரும் ஜன்னலைப் பற்றிப் பேசுவதில்லை. அன்று எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்களில் மூத்தவர், தராசில் விழுந்த கட்டைகளைப் பார்த்ததும் சொன்னார்:

“ஸ்டெல்லா, இது எங்க ஜன்னல்டி.”

“என்னக்கா, விறகைப் பாத்து ஜன்னல்ங்கறே?”

“நான் வேலை செஞ்ச பங்களாவோட மங்கிடாப். ஜன்னலுக்கு மேல கூரா, தொப்பி மாதிரி நிக்குமே, அது. ஓரமெல்லாம் லேஸ் பின்னின மாதிரி மரத்துல செதுக்கியிருக்கும். இதோ பாரு, மூணு இலை. நடு இலைக்கு முனை இல்லே, பாத்தியா? ஒட்டடை அடிக்கறப்ப என் கம்பு பட்டு ஒடஞ்சது. தொரசானி ரெண்டு நாள் எங்கிட்ட பேசவே இல்லே.”

“அப்போ அந்த வீட்டை இடிச்சிட்டாங்களா?”

டிப்போக்காரர் தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்.

“போன வாரமே இடிச்சாச்சும்மா. உத்தரம், கதவெல்லாம் மரக்கடைக்குப் போச்சு. இந்தப் பூவேலைத் துண்டை யாரு வாங்குவா? அதான் இங்க வந்துச்சு.”

“எவ்ளோ மழை பெஞ்சாலும் அந்த ஜன்னலை மூட மாட்டோம், ஸ்டெல்லா. ஒரு சொட்டு சாரல் உள்ள வராது. மழையைப் பாத்துக்கிட்டே துணி மடிப்பேன்.”

“பழைய மரம், எரியுமோ எரியாதோ. வேற கட்டை போடச் சொல்லுக்கா.”

மூத்தவர் முந்தானையால் அந்த மூன்று இலைகளையும் ஒருமுறை துடைத்தார்.

“நல்லாவே எரியும். பதினோரு வருஷம் நான்தானே எண்ணெய் போட்டேன்.”