ஐந்தாவது குழியில் தட்டவில்லை

எனக்கு ஒரு டம்ளர் காப்பி குடிக்க அரைமணி நேரம் ஆகும், ஐயா. ஆறிப்போகிறதே என்று நீங்கள் பார்ப்பது தெரிகிறது. ஆறினால் பரவாயில்லை. என் சம்சாரம் தேவசுந்தரி இருந்தவரையில் நடுவில் ஒருமுறை வாங்கிப்போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வருவாள். அவள் கர்த்தரிடம் போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், ஐந்து நிமிஷ வேலை என்று சொல்லிக்கொண்டே வாசலில் வந்து நின்றீர்கள். நீங்கள் போலீஸ் ரிப்போர்ட்டாக எழுதிக்கொண்டு வந்ததைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். "கங்காதரன், வயது அறுபத்தொன்று, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், கோல்ஃப் ஆடும்போது கட்டுவிரியன் கடித்து இறந்தார். உடன் இருந்த ஜெபரத்தினம் என்பவரால், நடை தளர்ந்தவராகையால், தக்க நேரத்தில் உதவிக்கு ஆள் அழைக்க முடியவில்லை." அதில் என்னைப் பற்றிய கடைசி வரிதான் இடிக்கிறது. மைதானம் பெருக்குகிற பூவம்மாளையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். அந்தப் பெண்பிள்ளைக்கு அநியாயம் நடக்கக் கூடாது. அதனால்தான் உங்களை உட்காரச் சொன்னேன். உட்காருங்கள். நிதானமாகவே சொல்கிறேன்.

அந்த மைதானம் உங்களுக்குத் தெரியும். கோயில் மலைக்கு இந்தப் பக்கம், தண்ணீர் நிற்காத ஏரி. ரயில் பாலம் கட்ட வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் அதில் ஆறு குழி போட்டார். நான் அவரிடம் படம் வரைபவனாக இருந்தேன். கூட ஆட ஆள் இல்லாததால் எனக்குக் கற்றுக்கொடுத்தார். யுத்தத்தில் அவரை வேறெங்கோ மாற்றியபோது இரண்டு பை நிறைய மட்டைகளை விட்டுவிட்டுப் போனார். ஒன்று எனக்கு. இன்னொன்றை எடுத்துக்கொள்ள வந்தவன் கங்காதரன்.

அவன் நாயுடு, நான் கிறிஸ்தவன். ஆனாலும் முதல் நாளே என்னை 'பாவா' என்றான், தெலுங்கில் மச்சான் முறை. வேடிக்கைக்குத்தான் சொன்னான். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை, பிள்ளைகள் இல்லை. இந்த ஊரில் என்னை முறை வைத்துக் கூப்பிட்ட ஒரே ஆள் அவன். ஆறு வருஷம், சனிக்கிழமை தவறாமல், மூன்றரைக்கு ஆரம்பித்தால் ஆறாவது குழி முடிய ஆறரை ஆகும். ஆறு குழிக்கு மூன்று மணி நேரமா என்று கேட்பீர்கள். பந்தை அடிக்கும் முன் நான் காற்றைப் பார்ப்பேன், சரிவைப் பார்ப்பேன், நாலு முறை வெறுமனே வீசிப் பார்ப்பேன். அவன் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருப்பான். நின்ற நேரமெல்லாம் பேச்சு. எனக்கு அந்த நேரம் வேண்டியிருந்தது.

இன்னொரு வழக்கமும் எனக்கு உண்டு. அங்கே புல் கிடையாது. குழியைச் சுற்றி எண்ணெய் ஊற்றிய மணல் வட்டம், நடுவில் புதைத்த பால்மாவு டின். பூவம்மாள் தினமும் மணலைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பாள், அதனால் டின்னுக்குள் குளுமையாக இருக்கும். கோடையில் எந்த ஜந்துவும் அதைத் தேடி வரும். ஆகவே பந்தை எடுக்க யார் கையை விடுவதாக இருந்தாலும் நான் முதலில் மட்டையால் டின் விளிம்பை இரண்டு தட்டுத் தட்டி, எட்டிப் பார்த்து, "பாத்து வுடுப்பா" என்பேன். ஆறு வருஷம், ஒவ்வொரு குழிக்கும்.

"இன்னா பாவா, பாம்பு உள்ள குடும்பம் நடத்துதா? கதவ தட்டிகினுதான் போவணுமா?" என்பான் கங்காதரன். சிரிப்போம். அதே வேடிக்கை, அதே சிரிப்பு. எனக்கு அலுக்கவில்லை.

இந்தப் பொங்கலுக்குப் பரந்தாமன் மாற்றலாகி வந்தார். ரயில் பாதை இன்ஸ்பெக்டர், வயது முப்பதுகூட இருக்காது. நல்ல பிள்ளை, அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அரக்கோணத்திலிருந்து மூன்று குமாஸ்தாக்களையும் ஆடக் கூட்டிவந்தார். புங்கமரத்தில் ஒரு பலகை அடித்தார். ஆறு குழிக்கு ஒன்றேகால் மணி நேரம். மெதுவாக ஆடுகிறவர்கள் பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட வேண்டும். டின்னைத் தட்டிக்கொண்டு நிற்பது முதலான வீண் தாமதம் கூடாது. என் பெயர் போடவில்லை. போடவேண்டிய தேவையும் இல்லை.

முதல்முறை வழிவிட்ட நாள் நினைவிருக்கிறது. "பெரியவர் மன்னிக்கணும், கொஞ்சம் ஓரமா நின்னா நாங்க தாண்டிப் போயிடுவோம்" என்றார் பரந்தாமன். வெயிலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். நாலு பேரும் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனார்கள். கங்காதரன் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் மூன்றாவது குழிக்குப் போய்ச் சேரும்வரை பார்த்தான். நான் ஏதோ கேட்டேன். அவன் காதில் விழவில்லை.

அதற்கப்புறம் அவன் கைக்கடிகாரம் வாங்கினான். நான் காற்றைப் பார்க்கும்போது அவன் கடிகாரத்தைப் பார்த்தான். 'பாவா' என்பதும் நின்றுபோயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில், நான் சர்ச்சில் இருக்கும் நேரத்தில், அவர்களோடு ஆடுவதாகக் கேள்விப்பட்டேன். ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் புங்கமரத்தடியில் நின்று பேச ஆரம்பித்தான்.

"மிஸ்டர் ஜெபரத்தினம், தப்பா எடுத்துக்காதிங்க. வர்ற சனிக்கிழமை உங்ககூட ஆடறேன். அதோட சரி. அப்பறம் அவங்க செட்டுல சேந்துக்கறேன். அரக்கோணத்துல மேட்ச் வச்சிகிறாங்க."

நான் மட்டையைத் துடைத்துப் பைக்குள் வைத்தேன். அவன்தான் மேலும் சொன்னான். "நமக்கும் வயசாவுது. மிச்சம் கீற பொழுத இப்பிடி நின்னுகினே கழிக்க முடியுமா, சொல்லுங்க."

நின்றுகொண்டே கழித்ததாக அவன் நினைத்திருக்கிறான். எனக்கு அது தெரியாது. மரியாதையாக 'மிஸ்டர்' என்று சொன்னானே, அதைத்தான் வீட்டுக்கு வரும்வரை நினைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை, அதாவது போன வாரம், பரந்தாமனும் மற்றவர்களும் அரக்கோணம் போயிருந்தார்கள். மைதானத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். முதல் குழியிலேயே அவன் சொல்லிவிட்டான்: "இன்னிக்கி ஒரு நாளாவது தட்டாதிங்க. அஞ்சி மணிக்குள்ள முடிச்சா புண்ணியமா பூடும்." சரி என்றேன். முதல் நான்கு குழிகளில் தட்டவில்லை. ஐந்தாவதிலும் தட்டவில்லை. அவன் கேட்டுக்கொண்டபடி நடந்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் ஐந்தாவதில் எட்டிப் பார்த்தேன். அவன் பந்து புதருக்குள் போய்விட்டது, தேடிக்கொண்டிருந்தான். நான் முன்னால் வந்துவிட்டேன். டின்னுக்குள் அது சுருண்டு கிடந்தது. கறுப்பு உடம்பு, வெள்ளை வளையங்கள். அவன் பந்தை எடுத்து வந்து, இரண்டே அடியில் குழிக்குள் தள்ளினான். இடது கை மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே வலது கையை உள்ளே விட்டான். "பாத்து வுடுப்பா" என்று சொல்ல வாயெடுத்தேன். வேண்டாமென்று பலகையில் எழுதியிருக்கிறதே.

"இன்னாவோ குத்திச்சி" என்று விரலை உதறினான்.

"டின்னு விளிம்பு துருப்பிடிச்சிருக்கு" என்றேன்.

கட்டுவிரியன் கடி வலிக்காது, ஐயா. முள் குத்தினாற்போல இருக்கும். அவன் விரலைச் சூப்பிக்கொண்டு ஆறாவது குழிக்கு நடந்தான். அதையும் ஆடி முடித்தான். நாலு ஐம்பது. "பாத்திங்களா, மனசு வச்சா முடியுது" என்று என்னைப் பாராட்டினான். பிறகு வயிற்றைப் பிசைகிறது என்று புங்கமரத்தடியில் உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன்.

அரக்கோணம் பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கு ஊசி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அரக்கோணம் போகும் பாசஞ்சர் ஐந்து பத்துக்கு வரும் என்பதும் தெரியும். அவனுக்கு அதற்குள் கண் இமை கனத்துவிட்டது. தூக்கம் வந்தவன் மாதிரி சாய்ந்திருந்தான். மைதானத்தின் ஓரமாகவே வண்டி போயிற்று.

"டிரெயினா பாவா?" என்று கேட்டான்.

பாவா என்றான், ஐயா. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

"கூட்ஸு" என்றேன்.

அதன் பிறகு அவன் அவசரப்படவில்லை. ஒருமுறை டாக்டரைப் பற்றிக் கேட்டான். பூவம்மாளை மாட்டுவண்டி கொண்டுவர அனுப்பியிருக்கிறேன் என்றேன். பூவம்மாள் அன்று அந்தப் பக்கமே வரவில்லை. துருதானே, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிக் கையைத் தடவிக்கொடுத்தேன். பாம்பு என்று சொல்லியிருந்தால் பயத்திலேயே செத்திருப்பான். அந்தப் பயத்தை நான் அவனுக்குக் கொடுக்கவில்லை.

பேசினோம். தபால் ஆபீஸில் அவன் முத்திரை குத்துகிற வேகத்தைப் பார்க்கப் பிள்ளைகள் கூட்டம் கூடுமே, அதைச் சொன்னேன். தேவசுந்தரி செத்த அன்று தந்திகளை எல்லாம் அவனே கையில் எடுத்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். நாக்கு தடித்துவிட்டது, பதில் சொல்ல வரவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தான். "மலைமேல வெளக்கு ஏத்திட்டாங்களா பாவா?" என்று குழறிக் கேட்டான். இமையைத் திறக்க முடியாமல் இருட்டிவிட்டதென்று நினைத்துவிட்டான், பாவம். அப்போது நல்ல வெயில். ஏற்றிவிட்டார்கள் என்றேன். உண்மையிலேயே ஏற்றும்போது அவனுக்கு மூச்சு இல்லை.

ஆறரை. எங்களுடைய பழைய கணக்குப்படி சரியான நேரம்.

அதன் பிறகு எழுந்து ஆள் கூப்பிடப் போனேன். ஊரார் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். பாவம், அந்த நடையில் எப்படி ஓடி வருவார் என்றார்கள். பரந்தாமன் என் கையைப் பிடித்துக்கொண்டு பலகையைக் கழற்றிவிடுவதாகச் சொன்னார். மறுநாள் டின்னுக்குள் பாம்பைக் கண்டு அடித்தார்கள். பூவம்மாள் பெருக்காமல் விட்டதால் வந்த வினை என்று முடிவு கட்டினார்கள். நீங்களும் அதை நம்பித்தான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

பேனாவை மூடாதீர்கள். புதன்கிழமையைச் சொல்ல விட்டுவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய புதன்கிழமை, தனியாக ஆடப் போனேன். ஐந்தாவது டின்னைத் தட்டியபோது சத்தம் மாறிக் கேட்டது. பார்த்தால் அது உள்ளே இருந்தது. ஒரு பலகைக்கல்லை எடுத்து மூடினேன். யாரையும் கடித்துவிடக் கூடாதே என்றுதான் மூடினேன், அப்போது அதுதான் எண்ணம். பூவம்மாளிடம் இரண்டு மூன்று நாளைக்கு ஐந்தாவது பக்கம் பெருக்க வரவேண்டாம் என்றேன்.

"இன்னாங்கய்யா, பாம்பு கீம்பு கீதா?" என்று கேட்டாள். கெட்டிக்காரி.

"எறும்பு. மருந்து போட்டிருக்கேன்" என்றேன்.

வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் போய், கல்லைக் கொஞ்சம் நகர்த்தித் தண்ணீர் விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன் என்றும் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் பேசுவது? சனிக்கிழமை அவன் புதரில் பந்து தேடியபோது மட்டையால் கல்லைத் தள்ளிவிட்டேன். பக்கத்தில் கல் கிடந்ததை அவன் பார்த்தான். ஏன் கிடக்கிறது என்று கேட்க அவனுக்கு நேரமில்லை.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். புங்கமரத்திலிருந்து ஸ்டேஷன் மாஸ்டர் அறை பதினொரு நிமிஷம், ஐயா. வெள்ளிக்கிழமை நானே கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பார்த்தேன். மூச்சுகூட வாங்கவில்லை. ஆகையால் முடியவில்லை என்று எழுதாதீர்கள். போகவில்லை என்று எழுதுங்கள். கங்காதரனைக் கொன்றது நான்.

பூவம்மாளுக்காகத்தான் சொல்கிறேன் என்றேன். அதுவும் உண்மைதான். ஆனால் நீங்கள் வாசலிலேயே நின்று காகிதத்தை நீட்டியபோது எனக்கு வேறு ஒன்று தோன்றியது. கையெழுத்துப் போட்டுவிட்டால் நீங்கள் போய்விடுவீர்கள். இந்த ஒரு வாரமாக இந்த வீட்டில் யாரும் உட்காரவில்லை. மைதானத்துக்கும் போய்ப் பார்த்தேன், ஆறு டின்னையும் தட்டினேன், "பாத்து வுடுப்பா" என்று சொன்னேன். சிரிக்க ஆள் இல்லை.

நீங்கள் வந்து இரண்டு மணி நேரம் ஆகிறது. ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நல்ல மனுஷர் நீங்கள், ராஜவேலு ஐயா. எழுதியதை ஒருதரம் நிதானமாகப் படித்துக் காட்டுங்கள், அப்புறம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோம். அங்கே இன்னும் நிறையக் கேட்பார்கள் இல்லையா, பல நாளைக்கு?

தினமும் நீங்கள்தானே வருவீர்கள்?